“சென்டம் வாங்கலைன்னா அழுவியா அம்மா?”: ஓர் ஆசிரியையின் கடிதத்துக்கு மனநல மருத்துவரின் பதில்

இந்த முறை கடிதம் எழுதியிருப்பவர் 36 வயதுள்ள கணித ஆசிரியை. பெயர், ஊர், பள்ளி எதுவும் வெளியே தெரியக் கூடாது என்று கேட்டிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

மேற்கு மாவட்டம் ஒன்றில், தனியார் மெட்ரிக் மேல்நிலைப் பள்ளியில் ஏழு வருடமாக வேலை. பத்தாம் வகுப்பில் இரண்டு பிரிவுகள், மொத்தம் 84 பிள்ளைகள். போன பொதுத்தேர்வில் கணக்கில் மூன்று பேர் தவறிவிட்டார்கள். பள்ளி திறந்ததும் நடந்த ‘ரிசல்ட் அனாலிசிஸ்’ கூட்டத்தில் அந்த மூன்று பெயரையும் சிவப்பு எழுத்தில் திரையில் போட்டு, இவரை எழுந்து நிற்க வைத்துக் காரணம் கேட்டிருக்கிறார்கள். அந்த வருட இன்கிரிமென்ட்டும் நின்றுபோனது. இந்த வருடம் ‘கணக்கில் 100 சதவீதத் தேர்ச்சி, பத்து சென்டம்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். காலை ஏழரைக்கு ஸ்டடி, மாலை ஆறரை வரை ஸ்பெஷல் கிளாஸ், சனிக்கிழமையும் அப்படியே. கோடை விடுமுறையில் வீடு வீடாகப் போய் ஆளுக்குப் பத்து அட்மிஷன் பிடிக்க வேண்டும். சம்பளம் 18,000 ரூபாய். அதில் 9,400 வீட்டுக் கடன் தவணைக்குப் போகிறது. கணவர் லேத் பட்டறை வைத்திருக்கிறார். அங்கே வேலை ஒரு மாதம் இருக்கும், ஒரு மாதம் இருக்காது.

ஜூலையிலிருந்து இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. இரண்டு முறை ஸ்டாஃப் ரூமில் நெஞ்சு படபடத்து, கை மரத்து, ‘இதோட முடிஞ்சுது’ என்று தோன்றியிருக்கிறது. இசிஜி எடுத்தார்கள், இதயத்தில் கோளாறு இல்லை. அப்புறம் தூக்கத்துக்காக மருந்துக் கடையில் கேட்டு ஒரு சின்ன மாத்திரை போட ஆரம்பித்திருக்கிறார். முதலில் பாதி, நான்கு மாதம் கழித்து இப்போது தினமும் முழுசு. ஒருநாள் காலை பஸ்ஸில் போகும்போது, ‘இந்த பஸ் கவிழ்ந்து கால் உடைஞ்சா ஒரு மாசம் ஆஸ்பத்திரியில படுத்துக்கலாமே’ என்று நினைத்திருக்கிறார். நினைத்ததை எண்ணிப் பயந்துதான் எனக்கு எழுதினாராம்.

நாலாம் வகுப்பு படிக்கும் மகள் கணக்குத் தேர்வில் இருபதுக்குப் பதினேழு வாங்கினாள். வகுத்தலில் கவனக்குறைவாகச் செய்த தப்புக்காக அவளை அறைந்துவிட்டார். அடுத்த தேர்வுத் தாளைக் குழந்தை அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டது. இரவு படுக்கும்போது, “நான் சென்டம் வாங்கலைன்னா நீ அழுவியா அம்மா?” என்று கேட்டிருக்கிறாள்.

இவர் கேட்பது மூன்று கேள்விகள். நான் பலவீனமானவளா? சைக்யாட்ரிஸ்ட்டிடம் போனால் அது ரெக்கார்டாகி வேலைக்கு ஆபத்தாகுமா? வேலையை விட்டுவிடலாமா? ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் பள்ளியில் இருக்கிறது.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால், நீங்கள் கேட்காமல் போகிற போக்கில் எழுதியிருக்கிற இரண்டு விஷயங்களைப் பேசியாக வேண்டும். அவசரம் அங்கேதான் இருக்கிறது.

முதலில் பஸ்ஸும் மாத்திரையும்

பஸ் கவிழ்ந்தால் தேவலை என்று வரும் நினைப்பு உங்களுக்கு மட்டும் வந்ததல்ல. காய்ச்சல் வராதா, கால் சுளுக்காதா என்று ஏங்கும் ஆட்களைத் தேர்வு நெருங்கும் மாதங்களில் நான் நிறையப் பார்க்கிறேன். அதில் ஆசிரியர்களும் உண்டு, மாணவர்களும் உண்டு. ‘எனக்கு ஓய்வு வேண்டும்’ என்று வாய்விட்டுச் சொல்லவே முடியாத இடத்தில் மனது இப்படி ஒரு குறுக்கு வழியைத் தேடும். இந்த நினைப்பு வந்ததற்காக நீங்கள் கெட்டவர் ஆகிவிடவில்லை, குழந்தையை மறந்த தாயும் ஆகிவிடவில்லை.

ஆனால் இதை லேசாகவும் விட முடியாது. உங்களை நேராகவே கேட்கிறேன். ‘அடிபட்டால் பரவாயில்லை’ என்பதைத் தாண்டி, ‘இல்லாமலே போய்விட்டால் நல்லது’ என்று எப்போதாவது தோன்றுகிறதா? எப்படி என்று யோசித்ததுண்டா? ஆம் என்றால் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு, கணவரிடமோ அம்மாவிடமோ இன்றே சொல்லுங்கள். 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். அது டெலி மானஸ், 2022 அக்டோபரில் தொடங்கிய அரசு மனநல உதவி எண். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. இல்லை என்றால் தொடர்ந்து படியுங்கள். ஆனாலும் அந்த எண்ணை போனில் பதிந்து வையுங்கள்.

அடுத்தது மாத்திரை. சைக்யாட்ரிஸ்ட் கொடுக்கும் மருந்துக்கு அடிமையாகிவிடுவோமோ என்று பயப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள். அதே கடிதத்தில், கடைக்காரர் கொடுத்த மாத்திரை பாதியிலிருந்து முழுசானதையும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் எழுதிய பெயரைப் பார்த்தால் அது அல்பிரசோலம் வகை. பழக்கமாகிவிடக்கூடிய மருந்து அதுதான். பாதியில் வந்த தூக்கம் இப்போது முழுசுக்குத்தான் வருகிறது என்றால் உடம்பு அதற்குப் பழகத் தொடங்கிவிட்டது. மருந்து விதிகளின் எச்1 அட்டவணையில் இருக்கும் இந்த மாத்திரையை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாது. தெரிந்த முகம் என்று கடைக்காரர் கொடுத்தது உங்களுக்குச் செய்த உதவி அல்ல.

இதைப் படித்துவிட்டு இன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள். மாதக்கணக்கில் தினமும் போட்டதைத் திடீரென்று விட்டால் தூக்கம் மொத்தமாகப் போகும், படபடப்பு இரண்டு மடங்காகும், சிலருக்கு வலிப்புகூட வரலாம். டாக்டர் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்துவார். பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் நாங்கள் வழக்கமாகத் தொடங்கும் மருந்துகள் வேறு வகை. அவற்றில் இப்படி அளவைக் கூட்டிக்கொண்டே போகும் ஏக்கம் வராது. ஆனால் வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், நிறுத்தும்போதும் சொல்லித்தான் நிறுத்த வேண்டும். உங்களுக்கு மருந்து வேண்டுமா, பேச்சு சிகிச்சை மட்டும் போதுமா என்பதை நேரில் பார்ப்பவர்தான் முடிவு செய்ய முடியும்.

நீங்கள் பலவீனமானவரா?

‘பக்கத்து செக்‌ஷன் மிஸ் எல்லாத்தையும் சமாளிக்கிறாங்க, எனக்குத்தான் முடியலை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மிஸ் இரவு மூன்று மணிக்கு என்ன செய்கிறார் என்பது உங்களுக்குத் தெரியாது. உங்களுடையது அவருக்குத் தெரியாத மாதிரிதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், நீங்கள் கணக்கு டீச்சர்தானே. காலை ஏழரையிலிருந்து மாலை ஆறரை வரை பதினொரு மணி நேரம். ஆறு நாளைக்கு 66. வீட்டுக்குக் கொண்டுவரும் ரிவிஷன் டெஸ்ட் பேப்பர் கட்டு இதில் சேரவில்லை. சமையலும் சேரவில்லை. உலக சுகாதார நிறுவனமும் உலகத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் வெளியிட்ட ஆய்வில், வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து சுமார் 35 சதவீதமும், இதய நோயால் இறக்கும் ஆபத்து சுமார் 17 சதவீதமும் கூடுதலாக இருந்தது. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. நீங்கள் சுமப்பது எந்த உடம்புக்கும் அதிகமான பாரம் என்று காட்டத்தான் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்திய வரி, ‘இப்பல்லாம் பசங்க முகத்தைப் பார்த்தா முகம் தெரியலை, மார்க்குதான் தெரியுது’ என்பது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வேலையால் வரும் எரிந்துபோதலை (பர்ன்அவுட்) விளக்கும்போது மூன்று அடையாளங்களைச் சொன்னது. சக்தி மொத்தமும் வற்றிப்போவது, செய்யும் வேலையிலிருந்து மனம் விலகிப்போவது, ‘நான் செய்வது எதுவும் உருப்படவில்லை’ என்று தோன்றுவது. உங்களிடம் மூன்றும் இருக்கின்றன. இதை அவர்கள் நோய்ப் பட்டியலில் சேர்க்கவில்லை, வேலையோடு பிறக்கும் நிலை என்றே வகைப்படுத்தினார்கள். வேலை இடத்தில் ஒன்றையும் மாற்றாமல் உங்களை மட்டும் சரிசெய்துவிட முடியாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஸ்டாஃப் ரூமில் வந்தது பேனிக் அட்டாக் மாதிரி இருக்கிறது. இசிஜி எடுத்தது சரியான காரியம், முதல் முறை நெஞ்சுவலி வந்தால் யாரும் அதை ‘டென்ஷன்’ என்று தள்ளிவிடக் கூடாது. தைராய்டு, ஹீமோகுளோபின் இரண்டையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். தைராய்டு கூடினாலோ குறைந்தாலோ, ஹீமோகுளோபின் குறைந்தாலோ இதே மாதிரி படபடப்போ களைப்போ வரலாம். மறுபடி அப்படி வந்தால், அது பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கும் என்பதை மனதில் வையுங்கள். உட்கார்ந்து, நாலு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். அதை எதிர்த்துச் சண்டை போடாமல் இருந்தால் சீக்கிரம் போய்விடும்.

கணவர் ‘எல்லாருக்கும்தான் டென்ஷன்’ என்கிறாராம். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருக்கும் தவணை பயம் இருக்கும். அவருக்குப் புரிகிற மாதிரி சொல்லிப் பாருங்கள். லேத்தில் பேரிங் சூடாகிச் சத்தம் போட்டால், ஆர்டர் அவசரம் என்று அவர் ஓட்டிக்கொண்டே இருப்பாரா? நிறுத்தித் திறந்து பார்ப்பார். டாக்டரிடம் போகும்போது அவரையும் கூட்டிப் போங்கள். நாங்கள் சொன்னால் அவர் கேட்பார்.

டாக்டரிடம் போனால் ரெக்கார்ட் ஆகுமா?

ஆகாது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருக்க வேண்டியது டாக்டரின் சட்டக் கடமை. உங்கள் சம்மதம் இல்லாமல் பள்ளிக்கு அதைக் கொடுக்க முடியாது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விதிவிலக்குகள்தான் உண்டு. நீங்கள் எந்த ஓபியில் உட்கார்ந்தீர்கள் என்று கரஸ்பாண்டன்ட்டுக்குச் சொல்ல வேண்டிய அவசியம் உங்களுக்கும் இல்லை. மருத்துவக் காப்பீட்டில் உடல் நோய்க்கு உள்ள மாதிரியே மன நோய்க்கும் வசதி தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது.

பணம் ஒரு தடை என்றால், மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரியிலோ மனநலப் பிரிவு இருக்கிறது. பார்ப்பதும் மருந்தும் இலவசம். உங்கள் ஊர் டவுனில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று கூச்சமாக இருந்தால் பக்கத்து மாவட்டத்துக்குப் போங்கள், தவறில்லை. போகாமல் இருப்பதற்கு மட்டும் அது காரணமாகிவிட வேண்டாம்.

அந்த நூறு சதவீதம் யாருடையது?

இங்கே உங்களோடு கொஞ்சம் முரண்படுகிறேன். ‘பிரஷர் இல்லைன்னா நான் இவ்வளவு ரிசல்ட் காட்டியிருக்க மாட்டேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் உண்மை. 1908-லேயே யெர்க்ஸ், டாட்ஸன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் எலிகளை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். தப்பான வழியில் போனால் எலிக்கு லேசாக ஷாக் அடிக்கும். ஷாக் கொஞ்சம் கூடியபோது எலிகள் வேகமாகக் கற்றன. ஆனால் கண்டுபிடிக்கக் கடினமான வழியாக இருந்தபோது, ஓர் அளவுக்கு மேல் ஷாக் கூடக்கூட எலிகள் கற்பது மந்தமானது. கணக்குச் சொல்லிக் கொடுப்பது கடினமான வேலை. எந்தப் பையன் எந்தப் படியில் தடுமாறுகிறான் என்று பார்க்க நிதானம் வேண்டும். பயம் முதலில் தின்பது அந்த நிதானத்தைத்தான்.

பையன் என்றதும் நீங்கள் எழுதிய அந்த ஒருவன் ஞாபகத்துக்கு வருகிறான். போன வருடம் தவறிய மூவரில் ஒருவன். ராத்திரி அப்பாவோடு தறிக்கூடத்தில் நின்றுவிட்டுக் காலையில் ஸ்டடியில் தலை கவிழ்ந்து தூங்குவான் என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த வரியில், ‘அவன் ஒருத்தனாலதான் என் மானம் போச்சு’ என்கிறீர்கள். அவன் பொதுத்தேர்வில் வாங்கிய 28 மதிப்பெண்ணில் உங்கள் பங்கு இருக்கிறது. தறிச் சத்தத்துக்கும், அவன் வீட்டுக் கடனுக்கும், அவன் எட்டாம் வகுப்பில் கற்காமல் விட்ட பின்னத்துக்கும் பங்கு இருக்கிறது. ஜியோமெட்ரியும் கிராஃபும் சேர்ந்து 16 மதிப்பெண், அதை விடாமல் போட வைத்தால் 35-க்குப் பாதி வழி வந்துவிடலாம் என்று அவனுக்காக நீங்கள் தனியாக நோட்டுப் போட்டுக் கொடுத்ததும் கடிதத்தில் இருக்கிறது. உங்கள் கையில் இருந்தது அந்த நோட்டு. நீங்கள் அதைச் செய்தீர்கள். கூட்டத்தில் திரையில் அது வரவில்லை, அவ்வளவுதான்.

2025-ல் மாநில அளவில் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 93.80 சதவீதம். இவ்வளவு பேர் தேறுகிற இடத்தில் பள்ளிக்குப் பள்ளி போட்டி கடைசி மூன்று நான்கு பிள்ளைகள் மேல் வந்து உட்கார்ந்துவிடுகிறது. மாநிலத்தில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. பள்ளி வாசல் ஃப்ளெக்ஸ் நிற்கவில்லை. அந்த ஃப்ளெக்ஸ் அடுத்த வருட அட்மிஷனுக்கான விளம்பரம். அதில் வரும் எண்ணை உங்கள் மனதின் மதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. உங்களைத் திரையில் சிவப்பில் காட்டி நிற்க வைத்தது அவமதிப்பு. அதை அவமதிப்பு என்றே சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

ஒன்று கேட்கட்டுமா? தவறிய மூன்று பேரும் ஜூலை துணைத்தேர்வு எழுதினார்களா, தேறினார்களா என்று நீங்கள் எழுதவே இல்லை. உங்களுக்குத் தெரியாமல்கூட இருக்கலாம். தேறியிருந்தால் இந்த வருடமே பதினொன்றில் சேர்ந்திருப்பார்கள். உங்கள் மனதில் இன்னும் தவறிக்கொண்டே இருக்கிற பிள்ளைகள் ஒருவேளை எப்போதோ தேறிவிட்டிருப்பார்கள். விசாரித்துப் பாருங்கள்.

வேலையை விடலாமா?

இன்றைக்கு முடிவு எடுக்காதீர்கள் என்பதுதான் என் முதல் பதில். இரவு மூன்று மணிக்கே கலைந்துவிடும் தூக்கத்தோடு எடுக்கும் முடிவுகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆறு வாரம் சிகிச்சை எடுத்து, தூக்கம் கொஞ்சம் திரும்பிய பிறகு இதே கேள்வியை எடுங்கள். அதற்குள் நிலைமை தாங்க முடியாமல் போனால் டாக்டர் சான்றோடு மருத்துவ விடுப்பு கேட்கலாம். ‘டென்ஷன்’ என்று அதில் எழுத வேண்டியதில்லை, ஓய்வு தேவை என்று எழுதிக் கொடுப்பது எங்களுக்கு வழக்கம்தான்.

அப்படியே நீடிப்பது என்றால், ஒன்றும் பேசாமல் நீடிக்காதீர்கள். ஹெச்.எம்-மைத் தனியாகப் பாருங்கள். மன அழுத்தம் என்று தொடங்கினால் அவர் ஆறுதல் சொல்லி அனுப்பிவிடுவார். ஒரு தாள் கொண்டு போங்கள். 84 பேரில் இத்தனை பேர் தாங்களே தேறிவிடுவார்கள், இத்தனை பேருக்குப் பயிற்சி வேண்டும், இந்த எட்டுப் பேருக்கு நான் தனியாக உட்கார வேண்டும், அதற்காக வாரம் இரண்டு நாள் காலை ஸ்டடியிலிருந்து என்னை விடுவியுங்கள் என்று கேளுங்கள். கேட்பது பள்ளிக்கு நல்லது என்று தெரிகிற மாதிரி இருக்கட்டும். இதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. ‘வேலை செய்யக் கஷ்டப்படுகிற டீச்சர்’ என்று முத்திரை குத்துகிற நிர்வாகமும் உண்டு. உங்கள் ஹெச்.எம் எப்படி என்பது எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். நல்ல மனுஷி என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள், அதை நம்பித்தான் சொல்கிறேன்.

பொதுத்தேர்வு முடிந்து, ஏப்ரல் மே மாதத்தில் விலகுவது இன்னொரு வழி. பிள்ளைகளை நடுவில் விட்டோம் என்ற உறுத்தல் இருக்காது, வேறு பள்ளிகள் ஆள் எடுக்கும் காலமும் அதுதான். நடுவில் விலகினால் ஒப்பந்தத்தில் நோட்டீஸ் காலம் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்று முதலில் படித்துவிடுங்கள்.

நான் வழக்கறிஞர் இல்லை. ஆனால் என்னிடம் வரும் ஆசிரியர்கள் பலரும் தெரியாமல் இழக்கிற சில உரிமைகள் இருக்கின்றன, அவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரிஜினல் சர்டிபிகேட்டை உங்களைக் கட்டிவைக்கும் கயிறாகப் பள்ளி வைத்திருக்க முடியாது. சான்றிதழ் விற்கும் பொருள் அல்ல, அதன் மேல் பிடிமான உரிமை கொண்டாட முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இப்போதே, சண்டை எதுவும் இல்லாத நேரத்தில், ‘வங்கிக்குக் காட்ட வேண்டும்’ என்றோ வேறு நியாயமான தேவைக்கோ எழுத்தில் கேட்டு வாங்கப் பாருங்கள். கொடுத்தபோது ரசீது வாங்கியிருந்தால் பத்திரமாக வையுங்கள். மறுத்தால், மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்) அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். பெரும்பாலும் வழக்கறிஞர் நோட்டீஸ் ஒன்றிலேயே காரியம் முடிந்துவிடும்.

அடுத்தது பணிக்கொடை, கிராஜுவிட்டி. தனியார் பள்ளி ஆசிரியருக்கு அது கிடையாது என்று நீங்கள் எழுதியிருப்பது தவறு. 2009-ல் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரலிலிருந்து செல்லும்படி ஆசிரியர்களையும் சேர்த்தார்கள். தனியார் பள்ளிகள் அதை எதிர்த்துப் போன வழக்கை 2022-ல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. ஐந்து வருடம் தொடர்ந்து வேலை பார்த்திருந்தால், ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம். கடைசிச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருட எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். 18,000 முழுவதும் அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் என்றால் ஏழு வருடத்துக்கு 72,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல் வரும். சம்பளச் சீட்டில் அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துக் காட்டியிருந்தால் தொகை குறையும், பார்த்துக்கொள்ளுங்கள். முழுசாக வந்தால் ஏழு மாத வீட்டுத் தவணை அதில் அடங்கிவிடும். பிஎஃப் பிடித்திருந்தால் அந்தப் பணமும் உங்களுடையதுதான். யுஏஎன் எண் (உங்கள் பிஎஃப் கணக்குகளுக்கான பொது எண்) உங்கள் போனோடு இணைந்திருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள்.

இதை எல்லாம் சொல்வது உங்களை விலகச் சொல்வதற்காக அல்ல. கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்தாலே அறைக்குள் இருப்பவருக்கு மூச்சு வரும். வேலையில் நீடிக்கிற பலருக்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான் தூக்கம் வந்திருக்கிறது.

கையெழுத்துப் போட்ட அந்த ‘100 சதவீத’த் தாளைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். பிள்ளைகள் எழுதும் தேர்வின் முடிவுக்கு நீங்கள் உத்தரவாதம் தர முடியாது, அதை வைத்துச் சம்பளத்தைப் பிடிப்பதும் எளிதல்ல. நகல் ஒன்று கேட்டு வாங்கி வையுங்கள். முடியவில்லை என்றால் அதில் என்ன எழுதியிருந்தது என்று தேதியோடு குறித்து வையுங்கள்.

அப்புறம், மகள்

கூட்டத்தில் உங்களை நிற்க வைத்தவருக்கும் அவருக்கு மேலே ஒருவர் இருந்திருப்பார். அவர் உங்களிடம் இறக்கிவைத்தார், நீங்கள் கொஞ்சத்தை வகுப்பில் இறக்கினீர்கள், மீதியை வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள். வீட்டில் ஒன்பது வயதுக் குழந்தைக்குக் கீழே இறக்கிவைக்க ஆள் இல்லை. அதனால்தான் தாள் அரிசி டிரம்முக்குப் பின்னால் போனது.

ஒரு முறை அறைந்ததால் குழந்தையின் வாழ்க்கை கெட்டுவிடாது. நீங்கள் குற்ற உணர்ச்சியில் தூங்காமல் புரள்வதால் அவளுக்கு ஒரு லாபமும் இல்லை. ஆனால் அவள் கேட்ட கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. ‘சீச்சீ, அம்மா எதுக்கு அழப்போறேன்’ என்று சொல்லாதீர்கள். நீங்கள் அழுததை அவள் பார்த்திருக்கிறாள். பார்த்ததை இல்லை என்றால் குழந்தை குழம்பும். “அம்மா அழுதது ஸ்கூல்ல வேலை கஷ்டமா இருந்ததால. உன் மார்க்குக்காக இல்ல. அன்னைக்கு உன்னை அடிச்சது அம்மா செஞ்ச தப்பு” என்று நேராகச் சொல்லுங்கள். பெரியவர்கள் குழந்தையிடம் மன்னிப்புக் கேட்பது நம் வீடுகளில் வழக்கமில்லைதான். கேட்டுப் பாருங்கள், அவள் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள்.

மூன்று மாதத்துக்கு அவளுக்கு நீங்கள் கணக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டாம். அப்பா உட்காரட்டும், அல்லது அவளே தப்பும் தவறுமாகப் போட்டுக்கொண்டு போகட்டும். நாலாம் வகுப்பில் ஒன்றும் போய்விடாது. ராத்திரி அவளோடு இருக்கும் அரை மணி நேரத்தில் பள்ளிக்கூடப் பேச்சே வேண்டாம். பேப்பர் கட்டை அவள் தூங்கிய பிறகு எடுங்கள், அல்லது அவள் விழித்திருக்கும் இடத்தில் திருத்தாதீர்கள். சிவப்புப் பேனாவோடு அம்மா பெருமூச்சு விடுவதை அவள் தினமும் பார்த்து வளர்கிறாள்.

இந்த வாரத்துக்குள் டாக்டரைப் பாருங்கள். போகும்போது அந்த மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள், எத்தனை மில்லிகிராம் என்று அவருக்குத் தெரிய வேண்டும். ஆறு வாரம் கழித்து எனக்கு மறுபடி எழுதுங்கள்.

அரிசி டிரம்முக்குப் பின்னால் இருக்கும் தாளை நீங்கள் தேடி எடுக்காதீர்கள். அவளாகக் கொண்டுவரட்டும், அதற்கு எத்தனை நாள் ஆனாலும் சரி. கொண்டுவந்தால், அதில் அவள் சரியாகப் போட்டிருக்கிற ஒரு கணக்கைக் காட்டி, ‘இதை எப்படிப் போட்டே?’ என்று கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை மற்றதைப் பற்றி வாய் திறக்க வேண்டாம்.